கூரையில் நடந்த வெயில்

மல்லாந்து படுத்திருப்பவருக்குச் சுவர்க் கடிகாரத்தால் பயனில்லை. கழுத்தைத் திருப்பினால்தான் அது தெரியும்; இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடித்து வந்தவருக்கு அந்தத் திருப்பலே வேதனை. 2018 ஆவணியில் எங்கள் திண்டுக்கல் வீட்டின் கிழக்கு அறையில் அம்மா அப்படித்தான் கிடந்தாள். அவள் கண்ணுக்கு நேரே இருந்தது வெள்ளையடித்த கான்கிரீட் கூரையும் ஒரு மின்விசிறியும். மாத்திரை வேளை, கஞ்சி வேளை, காலை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுக்கிறவர் வரும் வேளை எல்லாவற்றையும் எங்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். யாரிடமும் மணி கேட்டுப் பழக்கமில்லாத மனுஷிக்கு அது பெரிய குறையாக இருந்தது.

அம்மா பிறந்தது நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். கடிகாரம் இல்லாத வீடு. முற்றத்து வெயில் அம்மியைத் தொட்டால் காட்டுக்குக் கஞ்சி எடுத்துப் போக வேண்டும். நடைப்படி ஏறினால் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப வேண்டும். கல்யாணமாகி டவுனுக்கு வந்து, வீட்டில் கடிகாரம் வந்த பிறகும் அந்தக் கணக்கை அவள் விடவில்லை. "கெணத்துச் சுவரு நெழலு தொவைக்கிற கல்லத் தொட்டுருச்சு, இன்னும் கெளம்பலையாடா?" என்ற அதட்டலில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். கார்த்திகையில் நிழல் விழும் இடம் வேறு, ஆடியில் வேறு என்பதும் அவளுக்குத் தெரியும். மாதத்துக்கு மாதம் அடையாளக் கல்லை மாற்றிக்கொள்வாள்.

ஜன்னல் திட்டில் அவளுக்காக ஒரு சொம்பில் தண்ணீர் வைத்திருப்போம். காலையில் கிழக்கு வெயில் அதில் பட்டுக் கூரையில் ஒரு நெளியும் வெளிச்சமாக விழும். எல்லார் வீட்டிலும் விழுவதுதான். நாங்கள் யாரும் அதைக் கவனித்ததில்லை. ஒரு நாள் அம்மா கூப்பிட்டாள். "தண்ணி வெளிச்சம் காத்தாடிக்குள்ள வந்துருச்சு. மாத்திரையக் குடுடா." கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது. படுத்த இடத்தில் அவள் தன் முற்றத்தை மறுபடி உண்டாக்கிக்கொண்டிருந்தாள், சத்தமில்லாமல்.

தண்ணீருக்குப் பதில் ஒரு கண்ணாடியை வைத்தால் வெளிச்சம் ஆடாது. எனக்குத் தோன்றியது அவ்வளவுதான். துணியில் வைத்துத் தைக்கிற சின்ன வட்டக் கண்ணாடி ஒன்று, குறுக்களவு ஒரு சென்டிமீட்டர் இருக்கும், மனைவியின் தையல் பெட்டியில் கிடைத்தது. பெரிய கண்ணாடி இதற்கு ஆகாது. பெரிய கண்ணாடி தன் உருவத்தையே கூரையில் காட்டும். சின்னது சூரியனின் உருவத்தைக் காட்டும். சின்னக் கண்ணாடி சதுரமோ முக்கோணமோ எதுவாக இருந்தாலும், பத்தடி தள்ளி நேராக விழும் பொட்டு வட்டமாகத்தான் இருக்கும். சூரியன் வானத்தில் அரை டிகிரிக்குச் சற்று அதிகமாக இடம் பிடிக்கிறது; அதனால் பொட்டின் அகலம் அது கடந்து வந்த தூரத்தில் ஏறக்குறைய 108-இல் ஒரு பங்கு, அதோடு கண்ணாடியின் அகலம். பத்தடிக்கு ஏறக்குறைய ஒன்றரை அங்குலம். பொட்டு என்ற பெயரை வைத்தவள் அம்மா.

கண்ணாடியை மட்டமாக உட்கார வைப்பதுதான் இந்த வேலையின் உயிர். கண்ணாடி ஒரு டிகிரி சாய்ந்தால் திரும்பும் ஒளி இரண்டு டிகிரி சாயும். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. ஆக, கண்ணுக்கே தெரியாத ஒரு டிகிரிச் சாய்வு 8 நிமிடத்தைத் தின்றுவிடும். பக்கத்துத் தெருவில் கட்டட வேலை பார்த்துக்கொண்டிருந்த கொத்தனாரைக் கூப்பிட்டேன். ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு வந்தவர், கண்ணாடியின் அளவைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுமேல எங்க சார் மட்டத்த வைக்கிறது?" கொஞ்ச நேரம் நின்று யோசித்தவர் சொன்னதுதான் தீர்வு: "தண்ணிய விட மட்டம் எது சார் இருக்கு?"

அப்படியே செய்தோம். ஓர் எவர்சில்வர் மூடியில் நல்லெண்ணெய் ஊற்றிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தோம். தண்ணீர் சின்னக் காற்றுக்கும் சிலிர்க்கும், எண்ணெய் அசையாது. எண்ணெயின் பரப்பிலிருந்து ஒரு மங்கிய பொட்டு, கண்ணாடியிலிருந்து ஒரு பளீரென்ற பொட்டு. திட்டில் கண்ணாடியும் மூடியும் எவ்வளவு தள்ளி எந்தப் பக்கமாக இருக்கின்றனவோ, கூரையில் இரண்டு பொட்டும் அவ்வளவே தள்ளி அந்தப் பக்கமாகவே இருந்தால் கண்ணாடி மட்டம். எம்-சீல் பிசைந்து அதன்மேல் கண்ணாடியைப் பதித்து, அது இறுகுவதற்குள் நகத்தால் மெல்ல அழுத்தி அழுத்திப் பொருத்தினார் கொத்தனார். கட்டிலில் இருந்தபடி அம்மா கூரையைப் பார்த்து வழி சொன்னாள். "இன்னும் கொஞ்சம் வடக்க... ஆங், இருக்கட்டும்."

கண்ணாடி ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே, இரண்டு கம்பிகளின் நடு இடைவெளிக்கு நேராக உட்கார்ந்தது. உள்ளே வைத்திருந்தால் கம்பியின் நிழல் கண்ணாடியை மறைத்துப் பொட்டை அரை மணி நேரம் காணாமல் அடித்திருக்கும். இன்னொன்றும் பார்த்துக்கொண்டோம். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி மேல்நோக்கித்தான் போகும், கட்டிலோ அதற்குக் கீழே இருந்தது. படுத்திருப்பவர் கண்ணில் அது படாது. ஆனால் விடிந்தவுடன் ஜன்னலுக்கு எதிரே நிற்பவரின் கண்ணில் நேராக அடிக்கும். அந்த நேரத்தில் அங்கே யாரும் நிற்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தோம்.

மறுநாளிலிருந்து அந்த அறையில் வேறு வேலை நடக்கவில்லை. சூரியன் எழும்போது பொட்டு மேற்குச் சுவரில், ஜன்னல் திட்டின் உயரத்தில் தோன்றும். சூரியன் ஏற ஏறச் சுவரில் ஏறும். சுவரும் கூரையும் சேரும் மூலையில் மடங்கித் திரும்பி, கூரை வழியாக ஜன்னலை நோக்கி வரத் தொடங்கும். கண்ணாடியிலிருந்து கூரைக்கு 7 அடி. சம இரவு பகல் நாளையொட்டி, சூரிய நேரம் 8 மணிக்குப் பொட்டு கண்ணாடிக்கு மேற்கே 12 அடியில் இருக்கும். 9 மணிக்கு 7 அடியில். 10 மணிக்கு 4 அடியில். அதற்குப் பிறகு சன்ஷேடு வெயிலை மறித்துவிடும், அன்றைய கணக்கு முடிந்தது. 8 மணி வாக்கில் அது நிமிடத்துக்கு ஒன்றரை அங்குலம் ஓடுகிறது. ஏணியில் நின்று பென்சிலை வைப்பதற்குள் பொட்டு நகர்ந்திருக்கும். பூமி சுழல்கிறது என்று பள்ளியில் படித்திருக்கிறேன், பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். அது சுழலும் வேகத்தைக் கண்ணால் பார்த்தது அந்த ஏணியில் நின்றுதான்.

இதை நான் கண்டுபிடித்ததாக யாரும் நினைக்க வேண்டாம். பிறகு தேடிப் படித்தபோது நானூறு, ஐந்நூறு ஆண்டு வரலாறு விரிந்தது. 1517-இல் போலந்தின் ஓல்ஷ்டின் கோட்டையில், சம இரவு பகல் நாளைக் கணிக்க, கோப்பர்நிக்கஸ் தன் அறைக்கு வெளியே தாழ்வாரச் சுவரில் கோடுகள் வரைந்து அவற்றின்மேல் வெயிலைத் திருப்பி விழவைத்தார். அந்தக் கோடுகளின் மிச்சம் இன்றும் அங்கே இருக்கிறது. ஏசு சபைத் துறவி அதனாசியுஸ் கிர்ச்சர் பிரான்சின் அவிஞ்ஞோன் நகரில் கல்லூரிக் கோபுரத்துக்குள் இப்படியொரு கடிகாரம் அமைத்து, 1635-இல் அதைப் பற்றி நூலும் எழுதினார். ரோமில் எம்மானுவேல் மேஞான் என்ற துறவி தன் மடத்திலும் ஸ்பாதா மாளிகையிலும் கூரை முழுக்கக் கோடுகளாக வரைந்து வைத்தார். 1673-இல் கிரெனோபிள் நகரத்துக் கல்லூரி ஒன்றின் மாடிப்படிச் சுவர்களில் ழான் போன்ஃபா செய்தது இன்றும் அழியாமல் இருக்கிறது. மணி மட்டுமல்ல, மாதமும் ராசியும்கூட அவற்றில் தெரியும். ஓர் அறைக்குள் வானத்தை முழுதாக இறக்கிவிட முடியும் என்று நம்பி வருடக்கணக்கில் உழைத்த அந்த மனிதர்களை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

ஆனால் அவர்கள் நூல்களின் வழியை இங்கே அப்படியே பின்பற்ற முடியாது. அங்கே தெற்கு ஜன்னலில் கண்ணாடி வைப்பார்கள். அவிஞ்ஞோனிலோ கிரெனோபிளிலோ ஆண்டு முழுவதும் உச்சிச் சூரியன் தெற்கேதான் நிற்கும். மார்கழியில் தாழ, ஆனியில் உயர. நம் சூரியன் அப்படி இல்லை. திண்டுக்கல்லில் சித்திரை பிறந்து மூன்று நான்கு நாளில் அது நேர் தலைக்குமேல் வருகிறது. பிறகு ஆவணி இரண்டாம் வாரம்வரை உச்சிப் பொழுதில் வடக்கே நிற்கிறது. தெற்கு ஜன்னல் அந்த மாதங்களில் உச்சி வெயிலையே பார்க்காது. நமக்குச் சரியானது கிழக்கு, இல்லாவிட்டால் மேற்கு. கிழக்கு ஜன்னல் ஆண்டின் எல்லா நாளும் காலைச் சூரியனைப் பிடித்துத் தரும்.

கோடுகளின் உருவமும் மாறுகிறது. அவர்கள் கூரையில் மணிக் கோடுகள் விசிறி விரிந்தாற்போல் இருக்கும். எல்லாக் கோடுகளும் சேரும் மையம் அட்சரேகையைப் பொறுத்தது. அவிஞ்ஞோனில் 7 அடி உயரக் கூரைக்கு அந்த மையம் கண்ணாடிக்குத் தெற்கே ஏழு அடி சொச்சத்தில் இருக்கும். எங்கள் அட்சரேகை 10 டிகிரி சொச்சம். கணக்குப் போட்டால் மையம் 38 அடி தெற்கே, எங்கள் காம்பவுண்டைத் தாண்டிப் பக்கத்து வீட்டு மாடியில் எங்கோ விழுகிறது. அதனால் எங்கள் கோடுகள் ஏறக்குறைய இணையாகவே வடக்கு தெற்காக ஓடின. கோடு போட நூல் பிடித்த கொத்தனார், "இது பரவால்ல சார், டைல்ஸ் ஒட்டுறதுக்குப் போடுற மாதிரிதான்" என்று சீக்கிரமே முடித்துவிட்டார்.

வடக்கு தெற்கு பார்த்தது மொட்டை மாடியில், தூக்குக்குண்டின் நூல் நிழலை வைத்து. அன்றைய சூரிய உதயத்தையும் அஸ்தமனத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் அந்த ஊரின் உச்சி நேரம் கிடைக்கும்; அந்தக் கணத்தில் நூலின் நிழல் விழும் கோடுதான் வடக்கு தெற்கு. சூரியன் எப்பக்கமும் சாயாத நடுப்பகலில் இரண்டு கோல் நட்டு, நூல் கற்றவர்கள் கயிறிட்டு அரண்மனைக்கு மனை வகுத்ததை நெடுநல்வாடை சொல்கிறது. அதைக் கொத்தனாரிடம் சொன்னேன். "பாண்டியன் காலத்துலயும் நூல்தானா சார்?" என்று அவர் நூலை ஒருமுறை சுண்டிப் பார்த்தார்.

உச்சி என்றதும் வந்தது அடுத்த சிக்கல். சூரியன் சொல்லும் மணியும் கடிகாரம் சொல்லும் மணியும் ஒன்றல்ல. இந்திய நேரம் 82½ டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது. திண்டுக்கல் 78-இல் இருக்கிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். எங்கள் சூரியன் கடிகாரத்துக்கு 18 நிமிடம் பிந்தியே வரும். இது எல்லா நாளும் ஒரே அளவாக இருந்தால் கழித்துவிடலாம். அப்படியும் இல்லை. பூமி சூரியனைச் சுற்றும் பாதை முழு வட்டமில்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து நவம்பர் தொடக்கத்தில் சூரியனை 16 நிமிடம் முந்த வைக்கின்றன, பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்த வைக்கின்றன. ஆகவே திண்டுக்கல்லில் உண்மையான உச்சிப் பொழுது நவம்பர் 3 வாக்கில் 12.02-க்கு, பிப்ரவரி 11 வாக்கில் 12.32-க்கு. அரை மணி வித்தியாசம்! வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்களுக்குப் பொதுவாயிருந்தது சென்னை வானாய்வகத்தின் நேரம். கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால். 1906 ஜனவரி 1-இல்தான் இன்றைய இந்திய நேரம் வந்தது. அதற்கு முன்னால், ரயில் போகாத ஊர்களில் அந்தந்த ஊரின் சூரியனே மணி.

கூரையில் எதைப் போடுவது? நான் சூரிய நேரத்தைத்தான் போட வேண்டும் என்றேன். அதுதான் நேர்கோடாக வரும், அதுதான் அந்த இடத்தின் நேரம். அம்மா ஒரே வார்த்தையில் முடித்தாள். "டாக்டரு ஒம்பது மணிக்குன்னு சொன்னது கடிகாரத்துல." அதனால் இரண்டும் போட்டோம். கறுப்பில் சூரிய மணிக் கோடுகள். சிவப்பில், கடிகாரம் சரியாக 9 காட்டும்போது பொட்டு நிற்கும் இடத்தில் வாரா வாரம் ஒரு புள்ளி. மனைவி கைப்பேசியைப் பார்த்து விநாடி சொல்ல, விசிறியை நிறுத்திவிட்டு நான் ஏணியில் ஏறிப் புள்ளி வைப்பேன்.

புரட்டாசி, ஐப்பசி என்று மாதம் போகப் போகச் சிவப்புப் புள்ளிகள் வடக்கே நகர்ந்தன. மழை நாட்களில் விட்டுப்போன புள்ளிகளை அம்மா நினைவு வைத்திருந்து, வெயில் வந்தவுடன் கூப்பிடுவாள். அதற்குள் அவள் சாய்ந்து உட்காரவும், வாக்கரைப் பிடித்து நான்கு எட்டு வைக்கவும் தொடங்கியிருந்தாள். ஆனாலும் காலை ஒன்பதுக்கு மட்டும் கட்டிலில் வந்து மல்லாந்துகொள்வாள்.

மார்கழி முதல் வாரத்தில் பொட்டு வடக்கே போவதை நிறுத்திவிட்டது. கொஞ்ச நாள் அசையாமல் நின்றது. பிறகு திரும்பத் தொடங்கியது. பொங்கலன்று அம்மா அந்த இடைவெளியைக் காட்டினாள். 9 மணிக் கோட்டில் அரை அடிக்கு மேல் தெற்கே வந்திருந்தது பொட்டு. "தை பொறந்தாத்தானே சூரியன் வடக்க திரும்பும்? இது மார்கழியிலயே திரும்பிருச்சேடா?"

அவள் பார்த்தது சரி. வானத்துச் சூரியன் டிசம்பர் 21, 22-இலேயே திரும்பிவிடுகிறது. நம் பஞ்சாங்கம் மாதத்தை நட்சத்திரங்களை வைத்துக் கணிக்கிறது. பூமியின் அச்சு மிக மெதுவாகத் தள்ளாடுவதால் நட்சத்திரக் கணக்கும் பருவக் கணக்கும் 72 ஆண்டுக்கு ஒரு டிகிரி விலகுகின்றன. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்னால் தை முதல் நாளும் சூரியன் திரும்பும் நாளும் ஒன்றாக இருந்தன. இப்போது 24 டிகிரி விலகிவிட்டது. இதை எவ்வளவு எளிதாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு எளிதாகச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அப்ப மார்கழி மாசத்துக் கோலந்தான் அதுக்கு வரவேற்பு" என்றாள். அவள் அதில் எதையும் இழந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பிறகு ஒவ்வொரு தமிழ் மாதப் பிறப்பன்றும் பொட்டின் பாதையை வரைந்து, பெயரை எழுதச் சொன்னாள். தமிழ் மாதம் சூரிய மாதம் என்பதால் அது ஆண்டுதோறும் பொருந்தும். பங்குனி முதல் வாரத்தில், சம இரவு பகல் நாளில், பொட்டு வளையாமல் ஒரே நேர்கோட்டில் மேற்கிலிருந்து கிழக்கே வந்தது. மற்ற நாளெல்லாம் பாதை வளையும்: மார்கழியில் ஒரு பக்கம், ஆனியில் மறுபக்கம். சித்திரை பிறந்தபோது பொட்டு கண்ணாடிக்குத் தெற்கே இறங்கியிருந்தது. ஆனியில் 9 மணிக்குத் தெற்கே இரண்டரை அடிக்கும் மேல். ஜன்னல் அறையின் தென்மூலைப் பக்கம் இருந்ததால் எல்லாம் கூரைக்குள் அடங்கின. அடுத்த புரட்டாசியில் சிவப்புப் புள்ளிகள் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தன. கூரையில் ஒரு பெரிய 8: வடக்கு வயிறு ஏறக்குறைய இரண்டடி அகலம், தெற்கு வயிறு சின்னது. நவம்பர் முந்தலும் பிப்ரவரி பிந்தலும்தான் அந்தப் பெரிய வயிறு. எண்களாகப் படித்தபோது எனக்குப் பிடிபடாதது அங்கே கையால் தடவிப் பார்க்கும்படி இருந்தது.

2019 டிசம்பர் 26 காலை வளையச் சூரிய கிரகணம். கோயம்புத்தூர், கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை வழியாக அதன் பாதை. எங்கள் அறைக்கு அது நேரே வந்தது போலத்தான். கண்ணாடியின் மேல் நான்கு மில்லிமீட்டர் துளையிட்ட கறுப்புத் தாளை ஒட்டினேன். கண்ணாடி சின்னதானால் உருவம் கூர்மையாகும். அன்று தெருவில் பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். மீதிப் பேரின் பிள்ளைகள் எங்கள் வீட்டில், அம்மாவின் கட்டிலைச் சுற்றித் தரையில் மல்லாந்து கிடந்தார்கள். எட்டு மணிக்குப் பிறகு பொட்டின் ஓரம் கடிபட்டது. பிறை மெலிந்துகொண்டே கூரையில் நகர்ந்தது. வெளியே வெயில் வெளுத்துப்போனது. ஒன்பதரை வாக்கில் பிறையின் இரு முனைகளும் வளைந்து தொட்டுக்கொண்டன. ஒன்றேகால் அங்குல வளையம், நடுவே இருட்டு. பிள்ளைகள் போட்ட கூச்சலில் அம்மா ஏதோ சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. மூன்று நிமிடம்போல வளையமாகவே நகர்ந்தது. ஏணியில் நின்றவன் அதைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து தேதி எழுதினேன்.

அந்தப் பிள்ளைகளில் எதிர்வீட்டுப் பெண் மறுநாளே வந்து தனக்கும் வேண்டும் என்றாள். அவள் அறை ஜன்னல் மேற்கு பார்த்தது. அதனால் என்ன, சாயங்காலக் கடிகாரம் கிடைக்கும் என்றேன். பொட்டு மதியத்துக்குப் பிறகு ஜன்னலோரம் தொடங்கி, உள்ளே போகப் போக வேகம் பிடித்து, கிழக்குச் சுவரில் இறங்கி மறையும். தையல் கண்ணாடியும் எம்-சீலும் கொடுத்தோம். எண்ணெயை மூடியில் எவ்வளவு ஊற்ற வேண்டும், எம்-சீலை எப்போது தொடக் கூடாது என்பதையெல்லாம் அம்மாவே வாக்கரை ஊன்றி எதிர்வீட்டுக்குப் போய்ச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தாள்.